பின்சீட்டில் படுத்து வந்த பயணி

அத்தியாயம் எட்டு

காரின் பின்சீட்டில் ஒரு பிணம் படுத்திருந்தது என்று வெள்ளரிப்பிஞ்சு விற்கும் வெள்ளையம்மாள் சொன்னபோது, தேவநாதனுக்கு முதலில் வந்தது கொட்டாவிதான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. சித்திரை வெயில் கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் கண்ணைத் திறக்க விடவில்லை. விழுப்புரத்திலிருந்து வந்த வழியெல்லாம் காரில் ஏசி வேலை செய்யவில்லை. அதோடு, காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகத் துப்பறிந்தே தலை நரைத்தவர் அவர். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மனிதர்களைத் திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்த இடத்தில் பிடித்திருக்கிறார். பிணம் என்ற சொல் அவரை நிமிர்ந்து உட்கார வைத்த காலம் எப்போதோ போய்விட்டது.

"பொணம்னு எப்படிம்மா தெரிஞ்சுது? அதுவே சொல்லிச்சா?" என்று கேட்டாள் அவருடைய உதவியாளர் இருதயமேரி. அவர் துப்பறிந்ததை எழுதுவது, காரை ஓட்டுவது, அவருக்கும் சேர்த்துப் பேசுவது, மூன்றும் அவள் வேலை.

வெள்ளையம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. பிஞ்சுகள் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள். "பங்குனி உத்திரத்தன்னிக்கும்மா. மயிலம் தேருக்குப் போற கும்பல் ரோட்டையே அடைச்சிக்கினு போவுது. வெள்ளைக் காரு ஒண்ணு, கண்ணாடியில செவப்புல கூட்டல் குறி போட்ட டாக்டர் காரு, என் கூடைகிட்ட வந்து மாட்டிக்கிச்சி. ஆரன் அடிச்சிக்கினே கெடக்குறான். நாலு வார்த்தை திட்டலாம்னு எட்டிப் பார்த்தேன். பின்னால ஒரு ஆளு, தலையோட கால் வரைக்கும் போத்திக்கினு படுத்திருக்கான். நல்ல ஒசரம். காலு முன்சீட்டு வரைக்கும் நீட்டிக்கினு இருக்குது. திட்ட வந்த வாய மூடிக்கினேன்."

ஓட்டியது யார் என்று தேவநாதன் கேட்டார்.

"பொணத்தப் பார்த்தப்புறம் ஓட்றவன் மூஞ்சிய எவ பார்ப்பா?"

கார் எந்தப் பக்கம் போனது என்று கேட்டதற்குத் திண்டிவனம் போகும் திசையில் கையை நீட்டினாள். இதை முன்பே யாரிடமாவது சொன்னாளா என்றும் கேட்டுவைத்தார். யாரும் வந்து கேட்கவே இல்லை, கேட்காமல் யாரிடம் போய்ச் சொல்வது என்றாள். தேவநாதன் தலையாட்டிவிட்டுப் பிஞ்சு கொஞ்சம் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

வழக்கு எளிமையானது. அலுப்பு தருவதும் அந்த எளிமைதான்.

முகையூர்க்காரர் பச்சைமுத்து விழுப்புரம் மார்க்கெட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளுக்கு ஏலம் கூறுபவர். சில மாதங்களாக அவர் குரல் கம்மிக்கொண்டே வந்தது. குரல்நாணில் சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார் திண்டிவனத்தில் சொந்த மருத்துவமனை நடத்தும் தொண்டை டாக்டர் குமரேசன். 2018 பங்குனி உத்திரத்தன்று ஆபரேஷன். மயக்கம் கொடுக்க வந்தவர் டாக்டர் எலிசா. அவர் எந்த மருத்துவமனைக்கும் சொந்தமில்லை. கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் தன் காரில் போய் மயக்கம் கொடுத்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போகிறவர். அன்றைய ஆபரேஷனின் முடிவில் பச்சைமுத்துவின் இதயம் நின்றது. நெஞ்சை அமுக்கி, மருந்து கொடுத்து, திரும்ப ஓட வைத்தார்கள். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். பல நாள் கழித்துக் கண் விழித்தார். ஆனால் பேச்சு வரவில்லை. பெற்ற மகனையே சில நேரம் அடுத்த தெருக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பத்து நிமிட வேலை, அதை நான் ஒழுங்காக முடித்தேன், மயக்க மருந்து டாக்டர்தான் நடுவில் காரை எடுத்துக்கொண்டு வேறு கேஸுக்குப் போய்விட்டார் என்றார் குமரேசன். பச்சைமுத்துவின் மகன் சீனுவாசனும் அதையே சொன்னான். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம். டாக்டரம்மாவின் கார் கேட்டைத் தாண்டிப் போனதைக் கண்ணால் பார்த்தானாம். கூட்டேரிப்பட்டு வரைக்கும் போயிருக்கிறார்கள், அங்கே வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாவைக் கேட்டுப்பாருங்கள் என்றான். தியேட்டர் நர்ஸ் தான் அந்த நேரம் வேறு பக்கம் திரும்பியிருந்ததாகச் சொன்னார். மருத்துவமனையின் கேமரா அன்றைக்கு வேலை செய்யவில்லை.

"நம்ம ஊரு கேமராவுக்கெல்லாம் கரெக்டான நேரத்துல கண்ணு வலி வந்துடும் சார்" என்றிருந்தாள் மேரி.

நான் எங்கேயும் போகவில்லை என்று எலிசா மட்டும்தான் சொன்னார்.

எலிசாவுக்குக் காப்பீடு கொடுத்திருந்த கம்பெனிதான் தேவநாதனை அனுப்பியது. டாக்டர் நோயாளியை மேஜையில் விட்டுவிட்டுப் போனது உண்மையென்றால் கம்பெனி அவருக்காக நிற்க வேண்டியதில்லை, நஷ்டஈடும் கொடுக்க வேண்டியதில்லை. அதிகாரி போனில் அதை நாசூக்காகச் சொன்னார். கார் கூட்டேரிப்பட்டில் இருந்ததை மட்டும் உறுதி செய்தால் போதும், வேறொன்றும் தோண்ட வேண்டாம் என்றார்.

அதுதான் இப்போது உறுதியாகிவிட்டது.

"வந்த வேலை முடிஞ்சுது சார். உச்சி வெயிலுக்கு முன்னாடி ஊட்டுக்குப் போயிடலாம்" என்று மேரி சாவியைத் திருகினாள்.

"பின்சீட்டுல படுத்திருந்தது யாரு, மேரி?"

"அது நம்ம கேஸுல இல்ல சார். அதுக்குத் தனியா எவனும் காசு குடுக்க மாட்டான்."

தேவநாதன் கண்களை மூடிக்கொண்டார். வேறொரு கேஸுக்காக அவசரமாகக் கிளம்பிய டாக்டர், திண்டிவனத்துக்கே ஒரு நெட்டையான பிணத்தை ஏற்றிக்கொண்டு திரும்புவாரா? அந்தப் பக்கம் அன்று யாரும் சாகவில்லை என்பதை அவர் முதல் நாளே விசாரித்திருந்தார். அப்படி விசாரிப்பது அவருக்குப் பழக்கம்.

"திண்டிவனம் போ" என்றார்.

டாக்டர் எலிசா கதவைத் திறந்தபோது, நல்ல தூக்கம் தூங்கிப் பல நாள் ஆனவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. குள்ளமானவர். பேச்சு மெதுவாக இருந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவரை எந்த மருத்துவமனையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்றார். காரும் அன்று மாலை வீட்டுக்கு வந்து நின்றதுதான், மேலே மூடிய உறையைக்கூட எடுக்கவில்லை. தேவநாதன் சாவி கேட்டார். ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

மேரி ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவள் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. அவளைவிட எலிசா அரை அடி குள்ளம்.

"எப்படி டாக்டர் இதுல ஓட்டிக்கினு வந்தீங்க? நின்னுக்கினா?"

எலிசா யோசித்தார். அன்று மாலை காலே எட்டவில்லை, சீட்டின் நுனியில் உட்கார்ந்துதான் வந்தேன் என்றார். கால் நடுங்கியதால் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்திருந்தார். சீட்டை யாரோ பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள் என்று அவருக்கு இதுவரை தோன்றவே இல்லை. சாவியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று தேவநாதன் கேட்டார். கைப்பையில் என்றார். கைப்பை தியேட்டருக்கு வெளியே டாக்டர்கள் அறையில் இருந்தது.

தேவநாதன் பின்கதவைத் திறந்தார். சீட்டின் பஞ்சு ஒரு கனமான பொருளைத் தாங்கி நீளமாக அமுங்கியிருந்தது. அமுங்கிய தடம் குறுக்கே போய், ஓட்டுநருக்குப் பக்கத்தில் சாய்த்து விடப்பட்டிருந்த முன்சீட்டில் முடிந்தது. அங்கே சீட் உறை வட்டமாகக் கிழிந்திருந்தது. தடம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் துகள். பின்சீட்டின் மூலையில் மட்டும் வெள்ளை.

"பொணத்துக்கு உடம்பு கறுப்பு, தலை வெள்ளை" என்றாள் மேரி. "வயசான ஆளா இருக்கும் சார்."

அவர்கள் பின்னால் நின்றிருந்த எலிசா குனிந்து, விரலால் அந்தத் துகளைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆக்சிஜன் சிலிண்டர். பெரிய சைஸ்" என்றார்.

தேவநாதன் நிமிர்ந்தார். முதுகு வலித்தது. உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டார்.

பச்சைமுத்துவுக்குக் கொடுத்த மயக்கம் எப்படிப்பட்டது என்பதை எலிசா பொறுமையாகச் சொன்னார். வழக்கமாகத் தொண்டைக்குள் குழாய் போட்டுத்தான் மூச்சுக் கொடுப்பார்கள். ஆனால் ஆபரேஷனே தொண்டைக்குள் என்றால் குழாய் வழியை அடைத்துக்கொள்ளும். அதற்காக ஒரு புது மெஷின் வந்திருந்தது. ஆக்சிஜனைச் சூடாக்கி, ஈரமாக்கி, மூக்கு வழியாக மிக வேகமாகச் செலுத்தும். மருந்தால் நோயாளியின் மூச்சு நின்றிருக்கும்போதும் அந்த வேகத்தில் ஆக்சிஜன் நுரையீரலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். மானிட்டரில் நூறு, தொண்ணூற்றொன்பது என்று அழகாகக் காட்டும்.

"அன்னிக்கும் அப்படித்தான் காட்டுச்சு. கடைசி வரைக்கும் நூறு. அதைத்தான் குமரேசன் எல்லார்கிட்டயும் காட்றார். ஆக்சிஜன் குறையவே இல்ல, அப்ப மயக்க மருந்துலதான் ஏதோ தப்புன்னு."

"தப்பு எங்க நடந்துச்சு?"

எலிசா கைகளைப் பார்த்தார். "தொட்டிக்குத் தண்ணி வந்துக்கினே இருக்கு, வெளிய போற குழாய் அடைச்சிருக்குன்னு வெச்சிக்கோங்க. ஆக்சிஜன் உள்ள போகுது. ஆனா மூச்சு விட்டாத்தானே கெட்ட காத்து முழுசா வெளிய வரும்? அது ரத்தத்துல சேர்ந்துக்கினே போகும். அந்த மானிட்டர் அதைக் காட்டாது. அதனால இந்த முறைக்குக் கடிகாரம்தான் முக்கியம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், பரவாயில்ல. அன்னிக்கு சதையை எடுத்த எடத்துல ரத்தம் நிக்கல. குமரேசன் விடாம நோண்டிக்கினே இருந்தார். நிறுத்துங்க, குழாய் போட்டு மூச்சுக் குடுக்கணும்னு சொன்னேன். ரெண்டு நிமிஷம்னார். திரும்பவும் சொன்னேன். மூணாவது தடவையும் சொன்னேன். மூணாவது தடவை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவரைத் தள்ளியிருக்கணும். இதயம் தடுமாறினப்புறம்தான் தள்ளினேன்."



ஆபரேஷன் நீண்டதற்கு எலிசாவின் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. குமரேசன் பத்து நிமிடம் என்கிறார். நர்ஸ் திரும்பியிருந்தார். தேவநாதன் ஒரே கேள்வி கேட்டார். பத்து நிமிட ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும்?

பெரிய சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது என்றார் எலிசா. ஆரம்பிக்கும்போது மருத்துவமனை மேனேஜரிடம் கேட்டதாகவும், மாட்டியிருப்பது போக ஒரு முழு சிலிண்டர் தனியாக இருக்கிறது என்று அவர் சொன்னதாகவும் சொன்னார்.

"பத்து நிமிஷத்துல முடிஞ்சிருந்தா, எவனாவது உங்க பையிலருந்து சாவியை எடுத்து, உங்க காரைக் கிளப்பிக்கினு, திருவிழாக் கூட்டத்துல போய் இன்னொண்ணு வாங்கிக்கினு வருவானா?" என்றார் தேவநாதன்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டி விழுப்புரம் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி முருகையன் என்பவரின் ஆக்சிஜன் ஏஜென்சி இருந்தது. முருகையன் அந்த நாளை மறந்திருக்கவில்லை. உத்திரத்தன்று ஆட்கள் யாரும் வேலைக்கு வரவில்லை, டெலிவரி வண்டியும் இல்லை. திண்டிவனத்திலிருந்து மேனேஜர் போன் செய்து, மாட்டியிருக்கிற சிலிண்டர் பாதிக்கும் கீழே இருந்தது, வேறு ஸ்டாக் இல்லை, ஆளை அனுப்புகிறேன், உடனே ஒன்று கொடு என்று கெஞ்சினாராம்.

"பத்து நிமிஷ வேலைன்னு சொன்னாரு சார், அரை மணிக்கு மேல ஆச்சி, இன்னும் டாக்டர் தொண்டையிலருந்து கையை எடுக்கல, மீட்டர் முள்ளு எறங்கிக்கினே இருக்குதுன்னு பொலம்பினாரு. அந்தப் புது மெஷினை வாங்கிட்டு ரொம்பப் பேஜாரு பண்றாங்க. வார்டுல படுத்திருக்கிற ஆளுக்கு ஒரு சிலிண்டர் ஒரு நாள் பூரா வரும். இது ரெண்டு மணி நேரத்துல குடிச்சிடுது. வாங்குறவங்க அதைக் கணக்குப் பண்ணி ஸ்டாக் வெச்சிக்க வேணாமா?"

இதைப் போலீஸிடம் சொல்வீர்களா என்று தேவநாதன் கேட்டார். கேட்டால் சொல்வேன், நான் என்ன தப்பு செய்தேன் என்றார் முருகையன். மருத்துவமனை அனுப்பிய ஆள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. உயரமானவன், பதற்றமாக இருந்தான். ஒரு விஷயம் மட்டும் நினைவிருந்தது.

"என் கடையில முழு சிலிண்டரை ரெண்டு பேரு புடிப்பாங்க சார். இவன் ஒத்தையா, அதைக் கொஞ்சமா சாய்ச்சி, அடி விளிம்புல நிறுத்தி, ரெண்டு கையாலயும் சுத்தி விட்டுக்கினே நடக்குறான். ஓட்டமா ஓடுறான். சிலிண்டர் ஆடக்கூட இல்ல. கண்ணுல தண்ணி வேற. வண்டியில ஏத்தத்தான் நான் கை குடுத்தேன். வெயில் படாம மூடிக்கினு போன்னு பழைய பெட்ஷீட் ஒண்ணையும் குடுத்தேன்."

காரில் ஏறியதும், ஆள் வார்டில் வேலை செய்கிறவனாகத்தான் இருப்பான் என்று மேரி கணித்தாள். மருத்துவமனைக்குப் போய் உயரமானவர்களை வரிசையில் நிற்க வைக்கலாம் என்றாள். தேவநாதன் வளவனூருக்குப் போகச் சொன்னார்.

"வளவனூர்ல யாரு சார்? சீனுவாசனா? அவர்கிட்ட போன வாரமே எல்லாத்தையும் கேட்டாச்சே."

"கேட்டாச்சு. பார்க்கல."

விழுப்புரத்தைத் தாண்டும்வரை அவர் கண்களை மூடியே இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து மேரி ஆரன் அடிக்காமல் ஓட்டினாள். அவர் தூங்கவில்லை. இந்த வழக்கில் தான் நினைத்தது தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சீனுவாசன் வேலை செய்த எண்ணெய் மில் வளவனூர் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே காரை நிறுத்தச் சொன்னார் தேவநாதன். உள்ளே லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. நெட்டையான சீனுவாசன், ஒரு முழு எண்ணெய் பேரலைச் சற்றே சாய்த்து, அடி விளிம்பில் நிறுத்தி, இரண்டு கையாலும் சுற்றிவிட்டபடி முற்றத்தின் குறுக்கே நடந்தான். பேரல் ஆடவில்லை.

மேரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

மில்லின் பக்கவாட்டில் இருந்த சிறிய வீட்டில்தான் சீனுவாசன் குடியிருந்தான். நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பச்சைமுத்துவை உட்கார வைத்திருந்தார்கள். மருமகள் கலைப்பிரியா அவருக்குக் கேப்பைக் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். சீனுவாசன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வணக்கம் சொன்னான். டாக்டரம்மா மேல் நடவடிக்கை எடுத்துவிட்டார்களா என்று கேட்டான்.

தேவநாதன் குரலை உயர்த்தவில்லை. "வெள்ளரிப்பிஞ்சு விக்கிற அம்மாவைப் பார்த்தோம். அவங்க காரைப் பார்த்தது நிஜம்தான். ஆனா எங்களுக்கு முன்னாடி அவங்ககிட்ட யாரும் போய்க் கேக்கல. அவங்களும் யார்கிட்டயும் சொல்லல. திண்டிவனத்துல பெஞ்சுல உக்காந்திருந்த உங்களுக்கு, கூட்டேரிப்பட்டுல அவங்க எட்டிப் பார்த்தது எப்படித் தெரியும் சீனுவாசன்?"

சீனுவாசன் முதலில் மனைவியைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

எல்லாவற்றையும் சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது. அன்று மேனேஜர் எலிசாவின் கார் சாவியோடு ஓடி வந்திருக்கிறார். ஆக்சிஜன் தீரப்போகிறது, உள்ளே கிடப்பது உன் அப்பா, எங்கள் வண்டி மருத்துவ முகாமுக்குப் போயிருக்கிறது, இந்தக் காரை எடுத்துக்கொண்டு ஜல்தியாகப் போய் வா என்றார். மில் வண்டி ஓட்டிய பழக்கத்தில் சீனுவாசன் பறந்தான். போகும்போது வழி கிடைத்தது. திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் கூட்டம் அடைத்துக்கொண்டது. ஆரன் அடித்தான், இறங்கிக் கும்பிட்டான், காவடி தூக்கியவர்களிடம் சண்டை போட்டான். வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஒரு அம்மா எட்டிப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தான். மருத்துவமனைக்கு வந்து சிலிண்டரை இறக்கியபோது, உள்ளே அப்பாவின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நீ வரத் தாமதமானதால்தான் இப்படி ஆனது என்றார் மேனேஜர். நீ காரை எடுத்துப் போனது தெரிந்தால் எல்லாம் உன் தலையில் விழும், டாக்டரம்மா காரில் போனார்கள் என்று சொல்லிவிடு, நாங்களும் அப்படியே சொல்கிறோம் என்றார்.

"நானும் சொல்லிட்டேன் சார். டாக்டரம்மாதான் விட்டுட்டுப் போனாங்கன்னு சொல்லிக்கினே இருந்தா கொஞ்சம் தூக்கம் வரும். நான்தான் லேட்டா வந்தேன்னு நெனச்சா வராது. அந்தம்மா மூஞ்சியக்கூட நான் சரியாப் பார்த்ததில்ல."

கலைப்பிரியா கையில் ஸ்பூன் அப்படியே நின்றது. இது அவளுக்கும் இதுவரை தெரியாது. அவள் கணவனைத் திட்டவில்லை. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, மாமனாரின் வாயைத் துடைத்தாள்.

தேவநாதன் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் எழுவது கஷ்டம் என்று தெரிந்தும் உட்கார்ந்தார். இதயம் நிற்கும்வரை ஆக்சிஜன் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை என்பதையும், மானிட்டர் கடைசிவரை நூறு காட்டியதையும், உள்ளே போனது குறையாமல் வெளியே வர வேண்டியது வராமல் போனதையும், நிறுத்தச் சொல்லி ஒருவர் மூன்று தடவை கேட்டதையும் சொன்னார். நீ சீக்கிரம் வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்றார்.

சீனுவாசன் நம்பவில்லை. "எனக்கு ஆறுதல் சொல்றீங்க சார். நூறுன்னு காட்டின மெஷினை நான் எப்படி நம்புறது?"

"எங்கிட்ட கேக்காத. உள்ள இருந்தவங்களைக் கேளு."

அவன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். நாளைக்குப் போலீஸிலும் மெடிக்கல் கவுன்சிலிலும் எங்கே கேட்டாலும் நடந்ததைச் சொல்கிறேன் என்றான். அப்பாவிடம் குனிந்து, போய்விட்டு வருகிறேன் என்றான். பச்சைமுத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது மகனையா அடுத்த தெருக்காரனையா என்று தெரியவில்லை.

வழியில் காப்பீட்டுக் கம்பெனி அதிகாரியிடமிருந்து போன் வந்தது. கார் கூட்டேரிப்பட்டுக்குப் போனது உறுதியாகிவிட்டதா என்று கேட்டார். உறுதியாகிவிட்டது என்றார் தேவநாதன்.

"வண்டிதான் சார் போச்சு. டாக்டர் போகல."

இதை வேறு மாதிரி எழுத முடியுமா என்று அதிகாரி கேட்டார். முடியாது, ஏஜென்சிக்காரர் இருக்கிறார், ஓட்டியவனே என் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறான், நீங்கள் இனிமேல் அந்த டாக்டருக்காக நிற்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"அடுத்த கேஸ் வராது சார்" என்றாள் மேரி.

"வரலைன்னா தூங்கலாம்."

சாயங்கால வெயில் இறங்கும் நேரத்தில் எலிசாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவரே வந்து கேட்டைத் திறந்தார். சீனுவாசனை அவருக்கு அடையாளம் தெரிந்தது. முகம் இறுகியது. கேட்டைப் பாதி திறந்தபடியே நின்றார்.

தேவநாதன் அறிமுகம் செய்துவைக்கவில்லை. காரில் சாய்ந்து நின்றுகொண்டார். சீனுவாசன் கேட் கம்பியைப் பிடித்தபடி பேசினான். உங்கள் காரை எடுத்துக்கொண்டு போனது நான்தான், பொய் சொன்னதும் நான்தான் என்றான். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்க அவனுக்கு வார்த்தை வரவில்லை. வழியெல்லாம் மனதில் வைத்திருந்த ஒரு கேள்வி மட்டும்தான் வந்தது.

"நான் கொண்டாந்த சிலிண்டரு எதுக்காச்சும் ஆச்சா டாக்டர்? இல்ல, சும்மாத்தான் போச்சா?"

எலிசா தேவநாதனைப் பார்த்தார். பிறகு சீனுவாசனைப் பார்த்தார். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"உங்கப்பா இதயம் திரும்ப ஓட ஆரம்பிச்சப்போ மாட்டியிருந்த சிலிண்டர் காலி" என்றார். "குழாய் போட்டாச்சு, மூச்சுப் பையை அமுக்கிக்கினு இருக்கேன், உள்ள போறதுக்கு ஆக்சிஜன் இல்ல. சிஸ்டர் கத்துறாங்க. அப்பத்தான் யாரோ புதுசு ஒண்ணை உள்ள உருட்டி விட்டாங்க. யாருன்னு நான் பார்க்கல, பார்க்குற நெலமையில இல்ல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவரு மூச்சு வாங்கினது அந்த ஒண்ணுலதான்."

சீனுவாசன் கம்பியை விடவில்லை.

"நீங்க லேட்டா வரலைங்க" என்றார் எலிசா.

மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கார்க் கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. தேவநாதனுக்கு எங்கேயாவது படுக்க வேண்டும் போலிருந்தது.

எலிசா கேட்டை முழுக்கத் திறந்து விட்டு ஒதுங்கி நின்றார்.

"உள்ள வாங்க. அப்பாவுக்குக் கஞ்சி குடுக்கும்போது இருமுறாரா? தலையை எப்படிப் புடிச்சிக்கினு ஊட்றீங்க? உக்காந்து சொல்லுங்க."